மாரியிலும் உலர்ந்த நிலம்
உயர்த்திக் கட்டிய மண்வீட்டுத் தளத்துக்கு உமிக் காப்பு

மாரி தொடங்கியதும் கொட்டில் வீட்டில் வாழும் குடும்பத்துக்கு இரண்டு பக்கத்தால் தண்ணீர் வருகின்றது. கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிடுகைச் செருகலாம். ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டலாம். நிலத்தால் ஊறி வரும் ஈரம் அப்படியல்ல. பாய் குளிர்ந்து, பூசணம் பிடித்து, விதைநெல் மூடையின் அடி கறுத்த பின்னர்தான் அது எமக்குத் தெரிய வருகின்றது. அதற்குள் பிள்ளைக்கு இருமல் பிடித்துவிடும். அம்மாவின் மூட்டு வலியும் கூடிவிடும்.

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இந்த ஈரம் புதியதல்ல. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் அதை அனுபவித்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் நடந்த குடும்பங்கள் மரங்களின் கீழும் பாடசாலை விறாந்தைகளிலும் அதை அனுபவித்தன. 2009 ஆவணியில் பெய்த மழையில் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கூடாரமோ, கொட்டிலோ, மண்வீடோ, எங்கிருந்தாலும் நாம் படுத்தது நிலத்தில்தான்.

காசு உள்ளவர் சீமெந்துத் தளம் போடுவார். இல்லாதவர் என்ன செய்வது? வயலில் விளைந்த நெல்லின் உமியும், வெறும் உரப்பைகளும், பருக்கைக் கல்லும், களிமண்ணும் கொண்டு ஈரமும் குளிரும் ஏறாத நிலம் ஒன்றை அமைக்கலாம். அதன் முறையை இங்கே படிப்படியாகத் தருகின்றோம்.

நிலம் ஏன் குளிர்கின்றது?

எமது உடம்பின் சூடு ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் வன்னியில் சில இரவுகள் 20 பாகையை அண்டி இறங்கும். சூடு எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே ஓடும். ஈர மண்ணில் பாய் விரித்துப் படுப்பவரின் சூட்டை மண் விடியும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழ்ப்பக்கத்தால் போகும் சூட்டை அது தடுக்காது.

மண் நனைந்தால் சூட்டைக் கடத்தும் தன்மை இரண்டு மூன்று மடங்கு கூடும். மண் துகள்களின் இடையே இருந்த காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் நீர் நிற்பதே காரணம். அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று சூட்டை மிக மெதுவாகவே கடத்தும். உமி, வைக்கோல், பஞ்சு எல்லாம் சூட்டைக் காப்பது அவற்றுள் சிறைப்பட்ட காற்றினால்தான். பாடசாலைப் புத்தகங்களில் இதனை வெப்பக் காவலி என்பார்கள். உலர்ந்த உமி ஓர் அங்குலம் தடுக்கும் சூட்டைத் தடுக்க உலர்ந்த மண் பல அங்குலம் வேண்டும்.

ஆனால் காவலி நனைந்தால் காவலியல்ல. ஆகவே முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும்; அதன் பின்னரே குளிரைத் தடுக்கலாம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல மண்ணும் கீழிருக்கும் நீரை மேலே இழுக்கும். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும். களிமண்ணில் அது ஒரு மனிதனின் இடுப்புக்கு மேலும் ஏறக்கூடும். கடலைப் பருமனான கழுவிய கல்லில் ஓர் அங்குலம் ஏறுவதே அரிது. ஆறு அங்குலக் கல் படை ஒன்று இடையில் இருந்தால் நீரின் ஏணி அந்த இடத்தில் முறிந்துவிடும்.

முன்னோர் கண்ட வழி

எமது பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முற்றத்திலிருந்து ஏறும் குந்தும் திண்ணையும் அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டவையல்ல. நெல் வைத்த கொம்பறையும் மூடை அடுக்கிய கோற்காலியும் நிலத்தில் முட்டாமல் உயர்ந்து நின்றன. நெல்லுக்குக் கீழே காற்று ஓட வேண்டும் என்பது கமக்காரனுக்குத் தெரியும். நெல்லுக்குச் செய்த அதே வசதியைப் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கும் செய்வதே இங்கு கூறப்படுவது.

உரப்பையில் மண்ணை நிரப்பிச் சுவர் கட்டும் முறையும் உலகம் அறிந்த ஒன்று. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி மண் நிரப்பிய பைகளால் வீடு கட்டும் முறையை வளர்த்தெடுத்தார். 1995 இல் ஈரானின் கூசெஸ்தான் மாகாணத்தில் ஈராக்கிய அகதிகளுக்காக இம்முறையில் குடில்கள் கட்டப்பட்டன. 2004 இல் இந்த முறைக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அங்கும் கட்டியவர்கள் வீடிழந்த மக்களே.

இடம் தெரிவு

1. சென்ற மாரியில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அவ்வூரில் நீண்டகாலம் இருந்தவர்களைக் கேளுங்கள். 2008 கார்த்திகையில் நிசா புயல் வந்தபோது எங்கே வெள்ளம் நின்றது என்பதையும் கேளுங்கள். அந்த அடையாளத்துக்கு மேலே உங்கள் தளம் இருக்க வேண்டும். இங்கே நாம் கூறும் உயரம் ஒன்றரை அடி. தாழ்ந்த காணியானால் இன்னும் உயர்த்துங்கள்.

2. குளக்கட்டின் கீழும் வாய்க்கால் ஓரத்திலும் தளம் போட வேண்டாம்.

3. போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே களிமண்ணோ கல்லோ கிண்டுங்கள். பற்றைக்குள் புதிதாகக் குழி தோண்ட வேண்டாம். ஐயமான பொருள் ஏதும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை மண் எடுக்க அனுப்பவே கூடாது.

தேவையான பொருட்கள்

உட்புறம் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஓர் அறைக்குக் கணக்கு இது:

- கல் நிரப்பவும் மண் நிரப்பவும் 50 கிலோ உரப்பைகள் 120 வரை. அடி இரண்டு வரிகளுக்கும் பையை இரட்டிப்பாகப் போட வேண்டும். அதற்கு மேலும் 60 பைகள்.
- கழுவிய பருக்கைக் கல் அல்லது உடைந்த ஓடு, செங்கல் துண்டு: உள்தளத்துக்கு 60 கன அடி, அதாவது அரைக் கியூப்பிலும் சற்றுக் கூட. பைகளுக்கு வேண்டியது வேறு.
- உலர்ந்த உமி 120 கிலோ வரை. உரப்பையில் அடைத்தால் ஏறத்தாழ 15 பை. நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமி. ஆகவே 600 கிலோ நெல் குற்றினால் ஓர் அறைக்கு வேண்டிய உமி கிடைத்துவிடும்.
- களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணி, சிறிது நீற்றிய சுண்ணாம்பு.

உரப்பைகளை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். யூரியா ஒட்டியிருந்தால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஒரு குடும்பத்திடம் இத்தனை பைகள் சேராது. பத்துக் குடும்பங்கள் ஒரு போகம் சேர்த்தால் சேரும். கல் கிடைக்கும் ஊரில் பைக்குப் பதிலாகக் கல்லும் களியும் கொண்டு சுற்றுக்கட்டு அமைக்கலாம்.

வேலை செய்யும் காலம்

சித்திரை முதல் ஆவணி வரை சிறந்த காலம். உமிப் படை காய மூன்று கிழமை வேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகவே முடியும்.

படிமுறை

முதலாம் படி: மேல்மண்ணை நீக்குதல். வேரும் சருகும் உள்ள மேல்மண் ஆறு அங்குலத்தை வெட்டி எடுத்துத் தோட்டத்தில் போடுங்கள். அது நல்ல பசளை மண். வீட்டின் கீழ் இருந்தால் கறையானுக்கே உணவு. அடிமண்ணை நனைத்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். திமிசு இல்லையேல் கனமான மரக்குற்றிக்குப் பிடி அடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: சுற்றுக்கட்டு. அடி இரண்டு வரிகளுக்கும் பைகளில் கல் மட்டும் நிரப்புங்கள். அதற்கு மேல் இரண்டு வரிக்கு மணல் கலந்த மண் போதும். ஒவ்வொரு பையையும் படுக்க வைத்து இடித்தால் நாலரை அங்குல உயரத்துக்குத் தட்டையாகும். நான்கு வரிக்கு ஒன்றரை அடி வரும். செங்கல் அடுக்குவதுபோல மேல்வரிப் பை கீழ்வரி மூட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கல் படை. சுற்றுக்கட்டின் உள்ளே ஆறு அங்குலத்துக்குக் கல்லைப் பரப்புங்கள். கல்லோடு மண்ணோ பொடிமணலோ கலந்தால் பயனில்லை. நீருக்கு மீண்டும் ஏணி வைத்துக் கொடுத்ததாகும். அதன்மேல் பழைய தறப்பாள் அல்லது கிழித்துப் பிரித்த உரப்பைகளை ஓரடி ஒன்றின்மேல் ஒன்று வரும்படி விரியுங்கள். மேலே போடும் மண் கல்லுக்குள் இறங்காமல் இது தடுக்கும்.

நான்காம் படி: இடித்த மண். ஆறு அங்குலத்துக்கு, ஈரலிப்பான மணற்பாங்கு மண்ணை மூன்று மூன்று அங்குலமாகப் போட்டு இடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். நீர் கசியக் கூடாது. ஒரு கிழமை காயவிடுங்கள்.

ஐந்தாம் படி: உமிப் படை. களிமண்ணை ஒரு நாள் ஊறவிட்டுக் கரைத்து, மாட்டுப்பால் ஏட்டின் தடிப்புக்குக் கூழாக்குங்கள். பத்து வாளிக் கூழுக்கு அரை வாளி நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால் பூசணமும் பூச்சியும் குறையும். சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணில் படாமல் பாருங்கள். உமியைத் தறப்பாளில் கொட்டிக் கூழைத் தெளித்துப் பிசறுங்கள். ஒவ்வொரு உமியும் களி பூசியதாக இருக்க வேண்டும். பிடித்துப் பிழிந்தால் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. நாலு அங்குலம் பரப்பி மூன்று அங்குலமாக இடித்து இறுக்குங்கள். வெறும் உமியைப் பரப்பி மேலே மண் பூசினால் நடக்கும்போது நிலம் அமர்ந்து வெடிக்கும். உமிகளைக் களி ஒன்றோடொன்று பிணைப்பதால் அந்த அசைவு இல்லை.

உமியில் சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு. அதனால் வைக்கோலைப்போல அது விரைவில் உக்கிப்போகாது. ஆனாலும் நனைந்த உமி பூசணம் பிடிக்கும். ஆகவே நன்றாகக் காய்ந்ததை உறுதிசெய்யுங்கள். மாலையில் ஒரு தகரத் துண்டையோ பொலித்தீனையோ அதன்மேல் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். காலையில் அடிப்பக்கத்தில் வியர்வைபோல நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை.

ஆறாம் படி: மேல் நிலம். களி ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு பங்கு சேர்த்து மிதித்துக் குழையுங்கள். எல்லா ஊர் மண்ணும் ஒரே தன்மையல்ல. முதலில் இரண்டு மூன்று விதக் கலவையில் உள்ளங்கை அளவு அடைகள் தட்டி நிழலில் காய வையுங்கள். வெடித்தால் மணல் குறைவு. விரலால் தேய்க்க உதிர்ந்தால் களி குறைவு. நல்லதைத் தெரிந்து முதலில் இரண்டு அங்குலம் பூசுங்கள். அது காய்ந்த பின், வெடிப்புகளை நிரப்பி, இன்னும் ஓர் அங்குலம் பூசுங்கள். அரைகுறையாகக் காயும்போது வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால் நிலம் கெட்டியாகும். புற்றுமண் கிடைத்தால் மேற்பூச்சுக்குச் சிறந்தது. பின்னர் வழமைபோலச் சாணியால் மெழுகுங்கள்.

ஏழாம் படி: வெளிப்புறம். நெய்த பிளாஸ்ரிக் பைகள் வெயிலில் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். ஆகவே வெளிப்பக்கத்தை உடனே மண்ணால் பூசி மூடுங்கள். கூரை இறப்பு சுற்றுக்கட்டைத் தாண்டி இரண்டரை அடியாவது வெளியே நிற்கட்டும். இறப்பு நீர் விழும் இடத்தில் சிறு வாய்க்கால் வெட்டி நீரை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்குள்

சுவர் எழும்பிய வீட்டில் இதனைச் சுருக்கமாகச் செய்யலாம். உள்ளே கல் மூன்று அங்குலம், பிரித்த பை, களி பூசிய உமி மூன்று அங்குலம், மேல் மண் மூன்று அங்குலம். மொத்தம் ஒன்பது அங்குலம் நிலம் உயரும். வாசலில் தலை இடிக்குமா என்று முன்கூட்டியே அளந்து பாருங்கள். சுவரைச் சுற்றி வெளியே வாய்க்கால் வெட்டாமல் உள்ளே வேலை தொடங்க வேண்டாம். நான்கு புறமும் ஈரம் நிற்கும்போது உள்ளே போட்ட உமியும் ஒரு மாரியில் நனைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

அடுப்படி: உமி தீப்பற்றினால் சுவாலை இல்லாமல் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அடுப்பு வைக்கும் இடத்திலும் அதைச் சுற்றி மூன்றடிக்கும் உமி போடாமல் மண்ணும் கல்லும் மட்டும் நிரப்புங்கள்.

எலியும் பாம்பும்: நெல்மணி கலந்த உமி எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். உமியைப் புடைத்துப் பதரும் நெல்லும் நீக்கி எடுங்கள். உமிப் படையின் ஓரம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. உலர் வலயத்தில் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் நிலத்தில் படுத்துறங்குவோரையே தீண்டுகின்றது. உயர்ந்த, வெடிப்பில்லாத, ஓரம் மூடிய நிலம் அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆயினும் நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிப் படுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

கறையான்: சுற்றுக்கட்டின் வெளிப்புறத்தில் விறகு சாத்த வேண்டாம். மாதம் ஒருமுறை சுற்றி நடந்து மண்குழாய் ஏறியிருக்கின்றதா என்று பார்த்துத் தட்டிவிடுங்கள்.

சீமெந்துப் பூச்சு: மண் நிலத்தின் மேல் மெல்லிய சீமெந்துப் பூச்சுப் போட வேண்டாம். மண் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும், சீமெந்து அவ்வாறில்லை. பூச்சு வெடித்து, உள்ளே போன நீர் வெளியேற வழியின்றி நிற்கும்.

காணி எமதில்லையே?

இது நியாயமான கேள்வி. பிறர் காணியிலும் கோவில் வளவிலும் இருக்கும் குடும்பங்கள், "நாளைக்கு எழும்பச் சொன்னால் என்ன செய்வது? ஏன் வீண் வேலை?" என்று தயங்குவது இயல்பு. பல தடவை கட்டிப் பல தடவை விட்டுவந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

அத்தகையோர் பெரிய தளம் போட வேண்டியதில்லை. படுக்கும் இடத்துக்கு மட்டும் ஆறடிக்கு ஏழடி போதும். கல் நிரப்பிய பைகளை ஒரு வரி அடுக்கி, அதன்மேல் தறப்பாள் விரித்து, உமியை இறுக அடைத்துத் தைத்த பைகளை நெருக்கமாக அடுக்குங்கள். அதன்மேல் பனையோலைப் பாய். பூச்சும் இல்லை, இடியும் இல்லை. அரை நாள் வேலை. எழும்பிப் போக நேர்ந்தால் எட்டுக் கிலோ உமிப் பையைச் சைக்கிளில் கட்டலாம். கோடையில் பைகளை வெயிலில் காயப்போட்டு மீண்டும் அடுக்குங்கள். விதைநெல் மூடையையும் இதன்மேலேயே வையுங்கள். அடுத்த போகம் அந்த மூடையில் இருக்கின்றது.

காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ உள்ளவர்கள் முழுத் தளத்தைக் கட்டலாம். உரிமையாளரின் சம்மதத்தோடு இருப்பவர்கள், கட்டுவதற்கு முன் அவரிடம் பேசி அதனை எழுத்தில் பெற்றுக்கொள்வது பின்னர் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

கூடிச் செய்வோம்

இந்த வேலையில் கடினமானது கல் சுமப்பதும் இடிப்பதும். ஒரு குடும்பம் தனியே செய்தால் ஒரு மாதம் இழுக்கும். ஆறு குடும்பங்கள் சேர்ந்து கைமாறு வேலையாகச் செய்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் கல்லும் கட்டும் நான்கைந்து நாட்களில் முடியும். மிகுதி காய்வதற்கான காத்திருப்பே. ஆண்கள் இடிக்கட்டும், மெழுகும் கைப்பக்குவம் தெரிந்த பெண்களிடம் மேல் நிலத்தின் பொறுப்பை முழுமையாக ஒப்படையுங்கள். எந்த மண்ணுக்கு எவ்வளவு மணல் என்பதில் அவர்கள் சொல்வதே முடிவாக இருக்கட்டும்.

எவர் வீட்டில் முதலில் தொடங்குவது என்பதையும் கூடிப் பேசித் தீர்மானியுங்கள். பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் தாய், கைக்குழந்தை உள்ள வீடு, தனித்திருக்கும் முதியவர், இடிக்க ஆண் துணையற்ற குடும்பம் ஆகியோரின் நிலம் முதலில் உயரட்டும். சங்கத் தலைவரின் வீடு கடைசியில் உயரட்டும். அத்திவாரம் பற்றிய இயேசுவின் உவமையைக் கோவிலில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அயலவரின் அத்திவாரத்துக்கும் சேர்த்துக் கல் சுமப்பவரே அதனைச் சரியாகக் கேட்டவர்.

மாசி, பங்குனி அறுவடை முடிந்து ஆலைகளில் உமி குவியும் நாட்களில் பைகளைக் கழுவத் தொடங்குங்கள். ஐப்பசியின் முதல் மழைக்கு முன் மேல் நிலம் மெழுகி முடிந்திருக்க வேண்டும்.